தூண்டிலுக்கு விபூதி

செவிலிமேட்டில் சிலர் எங்களைத் தண்ணீர் இல்லாத ஆற்றில் மீன் பிடித்தவர்கள் என்று இன்னமும் சொல்லித் திரிவதாகக் கேள்வி. பச்சைப் பொய். அந்த மார்கழியில் பாலாற்றின் அக்கரையோரம் ஒரு வேட்டி அகலத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள்தான் அதன் பக்கம் போகவில்லை. இக்கரை மணலில் நின்றபடி, ஒல்லியான ஒரு கோலை ஆட்டி, நூலைக் காற்றில் முன்னும் பின்னும் பறக்கவிட்டு, மணலிலேயே போட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். மூன்று பேர். மூவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. மூவர் தலையிலும் குரங்குக் குல்லாய்.

பாலத்தின் மேல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கியே வந்துவிட்டார்.

“இன்னாபா பண்றீங்க?”

“மீன் புடிக்கக் கத்துக்கினு இருக்கோம்ணா.”

“தண்ணி அங்க இருக்குதே.”

“தெரியும்.”

அவர் தண்ணீரையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தார். “மீனு இங்க வருமா?”

“வராது. அந்த தைரியத்துலதான் கத்துக்கிறோம்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வேலைக்கு நேரமாவதையும் மறந்து நின்று பார்த்தார். பிறகு, “ஒரு வாட்டி குடு,” என்று கோலை வாங்கி வீசினார். கொக்கிக்குப் பதிலாக நுனியில் கட்டியிருந்த சிவப்புக் குஞ்சம் சுற்றி வந்து அவர் காதிலேயே அடித்தது. “நல்லாத்தான் இருக்குது,” என்று சொல்லிவிட்டுக் காதைத் தடவிக்கொண்டே போனார்.

இந்த மூன்று பேரில் ஒருவன் தறிக்காரன். பெரிய காஞ்சிபுரத்தில் என் தெருவிலேயே வீடு. இன்னொருவன் ஏனாத்தூர்க்காரன். குடும்பத்துக்கு நிலம் உண்டு, இவனுக்கு ஒரு வேன் உண்டு, அடுத்த தேர்தலில் வார்டுக்கு நிற்கும் ஆசையும் உண்டு. அதனால் எங்கே போனாலும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மணலிலும் அப்படியே நின்றான். மூன்றாவது ஆள் நான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பிணைப்பது என் தொழில். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி இழைகளை அறுத்தெறிய மாட்டார்கள். சீப்பு போன்ற அச்சிலேயே தொங்கவிட்டு வைப்பார்கள். புதுப்பாவு வந்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு துளி சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு. அவ்வளவுதான். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு அச்சின் பல்லில் மாட்டும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். கைக்குத்தான் வேலை, வாய்க்கு வேலை கிடையாது. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் வாய் தன் வேலையைத் தானே தேடிக்கொள்ளும். தெருவில் என்னைக் கோமாளி என்று சொல்கிறவர்கள் எல்லோரும் நான் பாவு பிணைத்த வீட்டுக்காரர்கள்தான்.

மீன் கதை தறிக்காரன் வீட்டில்தான் ஆரம்பித்தது. ஊட்டிக்கு அந்தப்பக்கம் குடியிருக்கும் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்தார். தறியில் ஓடும் சேலையைப் பார்க்கிறேன் என்று வந்து உட்கார்ந்தவர், சேலையைப் பார்க்காமல் தறிக்காரனின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க கையை எங்கே நிறுத்தறீங்களோ, நானும் அங்கேதானுங்க நிறுத்தறேன்,” என்று சொல்லி, போனில் ஒரு படத்தைக் காட்டினார். குளிர்ந்த ஓடை ஒன்றில் அவரே நின்றுகொண்டு கோலை வீசுகிறார். நூல் காற்றில் வளையம் போட்டு, மெதுவாகப் போய், தண்ணீரின் மேல் ஈ உட்காருவது போல உட்காருகிறது. நுனியில் இருப்பதும் ஈதான், இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய் ஈ. வெள்ளைக்காரர்கள் கப்பலில் முட்டையாகக் கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்ட ட்ரவுட் என்ற மீன் அதைப் பூச்சி என்று நம்பிக் கடிக்குமாம். “குளிர்காலத்துல வாங்க, நானே அனுமதிச் சீட்டு வாங்கி வைக்கறேன்,” என்று சொல்லி, தன்னுடைய பழைய கோல் ஒன்றைப் பார்சலில் அனுப்பியும் வைத்தார். நாங்கள் அவரை மலைக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

கோல் வந்து சேர்ந்தபோது தறிக்காரனின் வலது கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. நடுவில் ஒரு நாள் காலை, தறியிலிருந்து எழுந்தவனுக்கு வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. டம்ளரைப் பிடிக்கும், குறுக்கே நூல் ஓட்டும் நாடாவைப் பிடித்து எறியுமா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவன் தறிப்பக்கமே போகவில்லை. பழைய பாவின் வால் அச்சில் தூசி படிந்து தொங்கியது. அவன் மைத்துனன், தறியைப் பிரித்து விற்றுவிட்டு அந்த அறையைக் கல்லூரிப் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். “பொங்கல் கழிச்சு சொல்றேன்,” என்று இவன் தவணை வாங்கியிருந்தான்.

மணலில் பழகிய நாள் ஒன்றில் அவனிடம் கேட்டேன். “ஏன்டா, கை வருதா வர்லியான்னு பாக்க வூட்டுலயே தறி இருக்குது. அதுக்கு எதுக்கு மலையேறணும்?”

“தறியில உக்காந்தா வூடே பாக்கும்பா. பொண்டாட்டி பாப்பா, மச்சான் பாப்பான், எதிர்வூட்டு ஆளு பாப்பான். மீனுக்கு நான் யாருன்னே தெரியாது.”

நான் குனிந்து குஞ்சத்திலிருந்த மணலைத் தட்டி, கோலை மறுபடி அவன் கையில் கொடுத்தேன்.

கிளம்பிய அன்று அவன் மனைவி வேன்வரை வந்து, ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தாள். உள்ளே மாத்திரைகள், கம்பளிச் சால்வை, கோயில் விபூதிப் பொட்டலம்.

“உங்கள நம்பித்தான் அனுப்புறேண்ணா. குளிரு ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு. காலைல விபூதி வெச்சிவுடுங்க.”

“கவலப்படாதம்மா, நான் பாத்துக்கிறேன்,” என்று சிரித்தபடி சொன்னேன். வேன் தெருமுனை திரும்புவதற்குள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது: சிரிக்கச் சொல்லிப் பாருங்கள், வாய் ஒருபக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஊரையெல்லாம் இத்தனை வருஷம் சும்மா சிரிக்க வைத்தவன், இப்போது ஒருத்தனை மருத்துவக் காரணத்துக்காகச் சிரிக்க வைக்க வேண்டும்.

“சிரிடா,” என்றேன்.

“எதுக்கு?”

“சும்மா சிரிடா, பாக்கணும்.”

இரண்டு ஓரமும் சமமாகத்தான் ஏறியது. வேலூர் தாண்டி மறுபடி கேட்டேன். சேலத்தில் கேட்டேன். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கேட்டேன். கடைசியில் ஏனாத்தூர்க்காரன் வேனையே நிறுத்திவிட்டான். “இன்னொரு வாட்டி அவன சிரிக்கச் சொன்ன, உன்ன இங்கயே எறக்கி வுட்டுடுவேன். சிரிச்சி சிரிச்சி அவனுக்குத் தாடையே வலிக்குதாம்.”

தாடை வலி எதற்கு அறிகுறி என்று போனில் தேடிப் பார்த்தேன். தேடியிருக்கக் கூடாது.

மறுநாள் காலை ஓடைக்கரையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. உப்பு கொட்டிவிட்டார்களோ என்று குனிந்து தொட்டேன். உறைபனி. விரலில் ஒட்டி, ஒரு நொடி சுட்டு, தண்ணீராகிப் போனது. எங்கள் ஊரில் குளிர் என்றால் விடியற்காலையில் ஒரு போர்வை. வெயில் வந்ததும் மடித்து வைத்துவிடலாம். இந்தக் குளிர் காதுக்குள் ஏறிப் பல்லில் இறங்கியது. ஓடை மட்டும் உறையாமல், கண்ணாடி போல, கல்லுக்குக் கல் வேறு சத்தம் எழுப்பிக்கொண்டு ஓடியது. இத்தனை தெளிந்த தண்ணீரில் ஒளிந்திருக்கிற மீன் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். கற்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மலைக்காரர் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“நிழல் விழுதுங்க. உங்களை அது முன்னாடியே பார்த்திருச்சு.”

நான் அதைப் பார்க்கவில்லை. அது என்னைப் பார்த்துவிட்டது. இது எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

ஏனாத்தூர்க்காரன் வேனிலிருந்து ஒரு தோசைக்கல்லையும் மீன் மசாலா டப்பாவையும் இறக்கினான். மலைக்காரர் முகம் மாறிவிட்டது. “இல்லீங்க, இல்லீங்க. பிடிச்சதும் விட்டுரணும். அதுக்காகத்தான் கொக்கியில முள்ளை நசுக்கி வெச்சிருக்கேன்.”

“விட்டுடறதா?”

“ஆமாங்க.”

“அப்ப எதுக்கு சார் புடிக்கிறது?”

மலைக்காரர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு, “கையில ஒரு இழுப்பு வருமுங்க. அதுக்குத்தான்,” என்றார். ஏனாத்தூர்க்காரன் தோசைக்கல்லைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான், மசாலா டப்பாவைத் திரும்ப வேனுக்குள் வைத்தான். ஓட்டுக் கேட்டுப் போய் வீட்டில் யாரும் இல்லாமல் திரும்புகிறவன் முகம் அது.

தறிக்காரன் மட்டும் ‘கையில ஒரு இழுப்பு’ என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மலைக்காரரிடம் மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை ஒன்றுதான் இருந்தது. அதை எனக்குப் போட்டுவிட்டார்கள், எனக்கு நீந்தத் தெரியாது என்பதால். முழங்கால் ஆழம்தான். ஆனால் ரப்பருக்குள் நிற்கும்போது தண்ணீர் நாலு பக்கமும் காலை அழுத்தியது, யாரோ கட்டிப்பிடிப்பது போல. “யாரோ புடிக்கிறாங்கடா!” என்று கத்திவிட்டேன். மேல்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமை ஒன்று நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கரைக்கு ஓடலாம் என்றால் கரையில் காட்டெருமை. தண்ணீரில் நிற்கலாம் என்றால் கட்டிப்பிடிக்கும் தண்ணீர். நடுவில் நின்று, கோலை ஒரே வீச்சாகப் பின்னால் வீசினேன். நான் கட்டிக்கொண்டு வந்த பொய் ஈக்களில் ஒன்று, அரக்குப் பட்டும் ஒரு துணுக்குச் சரிகையும் வைத்துக் கட்டியது, எனக்குப் பின்னாலிருந்த மரத்தின் உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்தது. காட்டெருமைக்கு அதிலேயே சுவாரசியம் போய்விட்டது. திரும்ப மேய ஆரம்பித்தது.

மலைக்காரர், ஏனாத்தூர்க்காரனுக்கு வளைவுக்கு அப்பால் ஒரு நல்ல மடு காட்டுவதாகக் கூட்டிப் போய்விட்டார். நானும் தறிக்காரனும் மட்டும். அவன் ஒரு பாறையில் உட்கார்ந்து, மலைக்காரரின் இன்னொரு கோலை வலது கையில் பிடித்து, வீசாமல் நூலைச் சும்மா தண்ணீரில் தொங்கவிட்டிருந்தான். விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன.

“சிரிடா.”

“போடா.”

போடா என்பதைத் தெளிவாகத்தான் சொன்னான். குழறவில்லை. நிம்மதியாக இருந்தது.

“நூல் தாடா,” என்றான். “என் நுனியும் கல்லுல சிக்கிப் போச்சி. ஈயும் போச்சி.”

மலைக்காரர் விட்டுப்போன பையில் நரம்பு இருந்தது; மீன் பிடிக்கும் மெல்லிய நைலான். பழைய நுனியோடு புது நரம்பைச் சேர்த்து, அதில் நான் கொண்டுவந்த இன்னொரு சரிகை ஈயைக் கட்ட வேண்டும். ஈயை எப்படிக் கட்டுவது என்று காலையில்தான் காட்டியிருந்தார், கட்டினேன். சேர்ப்பதை? அதையும் காட்டினார். ஏதோ முடிச்சு, ஒன்றை ஒன்று சுற்றி, நடுவில் நுழைத்து. நான் அப்போது காட்டெருமை எத்தனை வேகத்தில் ஓடும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் இரண்டு இழையைச் சேர்ப்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வேலையா? இரண்டு நுனியையும் பக்கத்தில் பக்கமாக வைத்தேன். விரல் தானாகச் சாம்பலைத் தேடியது. சாம்பல் இல்லை. துணிப்பையில் விபூதிப் பொட்டலம் இருந்தது. ஒரு சிட்டிகை தொட்டு, நீளமாக, இறுக்கி, ஒரு முறுக்கு. திருப்பி மறுபடி ஒரு முறுக்கு. பட்டை இழுத்துப் பார்ப்பது போல மெதுவாக இழுத்தேன். நின்றது. என் தொழில் மேல் எனக்கே மரியாதை வந்தது.

“கனவுலயும் அவுராது,” என்று கொடுத்தேன்.

அவன் எழுந்து நின்றான். மணலில் பழகியபோதெல்லாம் கை முன்னால் வந்ததும் ஒரு நடுக்கம் வரும்; நூல் சுருண்டு விழும். இப்போதும் முதலில் கையைத் தூக்கி அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். அடிக்கும் முன்னால் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து தறியைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. பிறகு கையைப் பின்னால் கொண்டுபோனான், நிறுத்தினான், முன்னால் கொண்டுவந்தான், நிறுத்தினான். பெரிய வீச்சு இல்லை. நூல் போய் ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால், தண்ணீர் சுழலாமல் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தது. ஈ மிதந்தது. சரிகை ஒருமுறை மின்னியது.

தண்ணீர் பிளந்தது.

மீன் எப்படி இருக்கும் என்று அத்தனை நேரம் எட்டி எட்டிப் பார்த்தவன் நான். அந்த நொடியில் தெரிந்தது ஒரு வெள்ளி வயிறும் பக்கவாட்டில் ஒரு ரோஜா நிறக் கோடும்தான். கோல் வில்லாக வளைந்தது. அவன் கட்டைவிரல் நூலைக் கோலோடு சேர்த்து அழுத்திப் பிடித்தது. நானாகப் போய்ப் பிடிக்கட்டுமா, பிடிக்கக் கூடாதா, குளிரில் கையை இறுக்குவது நல்லதா, மாத்திரை போட்டானா, விபூதி காலையில் வைத்துவிட்டேனா. எல்லாம் ஒரே சமயத்தில் மண்டைக்குள் ஓட, வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்.

“சிரிடா!”

“டேய், வாய மூட்றா!”

கை நடுங்கவில்லை. மீன் கல்லைச் சுற்றி ஓடப் பார்த்தது. கோலைச் சாய்த்து மறித்தான். யாரும் சொல்லித்தரவில்லை. மீன் நின்றது, அவனும் நின்றான். பிறகு அது ஒரே இழுப்பாக இழுத்தது.

கோல் நிமிர்ந்துவிட்டது.

நூல் காற்றில் சும்மா ஆடிக்கொண்டு திரும்பி வந்தது. நுனியில் ஈ இல்லை, மீன் இல்லை, நான் போட்ட முறுக்கு இல்லை. அறுந்திருந்தால் அறுந்த முனை தெரியும். இது அறுபடவில்லை, வழுக்கி, அவிழ்ந்து, நேராகிப் போயிருந்தது. முனையில் கொஞ்சம் வெள்ளையாக ஈர விபூதி.

பொங்கல் கழித்துச் சொல்கிறேன் என்றவனுக்கு, கை என்ன சொல்கிறது என்று பார்க்க இவ்வளவு தூரம் வந்தவனுக்கு, கை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் நடுவில் அதன் வாயைப் பொத்திவிட்டேன். தறிக்காரன் நூலின் முனையை எடுத்தான். விரலில் தேய்த்தான். முகர்ந்தான். என்னைப் பார்த்தான்.

“டேய். விபூதியா?”

“சாம்பல் இல்லடா.”

“நைலானுக்கு விபூதி போட்டு முறுக்கிக்கிறியா?”

“முடிச்சி போட்டா அச்சுல மாட்டும்னு...” வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். பாறையில் உட்கார்ந்து, கோலை மடியில் வைத்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். யாரும் கேட்காத சிரிப்பு. நான் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். அந்த நேரத்திலும் பார்த்தேன். இரண்டு ஓரமும் சமமாகத்தான் ஏறியிருந்தன.

சத்தம் கேட்டு மலைக்காரரும் ஏனாத்தூர்க்காரனும் ஓடி வந்தார்கள். ஏனாத்தூர்க்காரன் வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. மடுவைக் காட்டும்போது மடுவுக்குள் போயிருக்கிறான். மலைக்காரர் நரம்பு முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது அந்த ஒரு வீச்சுக்குத் தாங்குனதே அதிசயமுங்க,” என்றார். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போல, “பட்டுல இது நிக்குதுங்களா?” என்று கேட்டார். பட்டில் பிணைக்கிற முறையைச் செய்து காட்டினேன். அவர் சட்டைப் பொத்தானில் நீண்டுகொண்டிருந்த பருத்தி நூலை வைத்து அவரும் செய்து பார்த்தார். வரவில்லை. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

“இன்னொன்னு கட்டித் தரேண்டா, முடிச்சி போட்டே கட்டறேன்,” என்றேன் தறிக்காரனிடம்.

“வேணாம். குடு இங்க.”

அவனே நரம்பை வாங்கி, மலைக்காரர் காட்டியபடி கட்டினான். வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. நுனி நழுவியது, மறுபடி எடுத்தான், நழுவியது. ஏனாத்தூர்க்காரன் உதவிக்குக் கை நீட்டினான். நான் அவன் ஈர வேட்டியைப் பிடித்து இழுத்தேன். கட்டி முடிக்கும்போது வெயில் ஓடைக்குள் இறங்கியிருந்தது. அதன்பிறகு அவன் மாலை வரை வீசினான். ஒரு மீனும் கடிக்கவில்லை. அந்த ரோஜாக் கோட்டு மீன் என் அரக்குப் பட்டை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லுக்கு அடியில் என்ன நினைத்துக்கொண்டிருக்கும் என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். முள் நசுக்கிய கொக்கி, தானாகவே விழுந்துவிடும் என்றார் மலைக்காரர். இறங்கும்போது வேனில் தறிக்காரன் ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

“அவுந்தது உன் முறுக்குதான்பா. நான் வுடல.”

தை பிறந்த பிறகு ஒரு காலை போன் வந்தது. “பாவு வந்துட்டுது. வந்து பிணைச்சிக் குடு.”

போனேன். மைத்துனன் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அச்சில் தொங்கிய பழைய வாலைத் தூசி தட்டிச் சீவி வைத்திருந்தார்கள். நாள் முழுக்க வேலை. வழக்கமாக அந்த வீட்டில் என் வாய் ஓயாது; அன்றைக்கு அது இழைகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறுக்கையும் போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தேன், மறுபடி இழுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் செய்ததில்லை. அவன் மனைவி சாம்பல் கிண்ணத்தை வைத்துவிட்டு, “விபூதி வேணுமாண்ணா?” என்று கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

முடிந்ததும் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பிணைத்த இழைகளில் ஒன்றை வலது கையால் எடுக்கப் பார்த்தான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அது சிக்கவில்லை. மறுபடி பார்த்தான். மூன்றாவது தடவையில் சிக்கியது. அப்படியே வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தான். நன்றாக இழுத்தான், ஓடையில் அது இழுத்த மாதிரி.

நின்றது.

இழையை விட்டுவிட்டு, கையை என் தோளில் வைத்தான்.

“சிரிடா,” என்றான். “ஒரு பக்கம் இழுக்குதான்னு பாக்கணும்.”

நான் சிரித்தேன் என்றுதான் எனக்கு ஞாபகம். அவன் மனைவி வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.